உயிரை வாங்குகிற அம்மா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நாங்க மூணு பேரும் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருப்பேன்னு நம்பறேன், இல்லேன்னா நேர்ல வந்து ஒரு வழி பண்ணிடுவேன். ஃபோன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு பாதியில வெச்சுடுவே, அதான் உக்காந்து எழுதறேன், முழுசாப் படி. உன் தங்கச்சி, நம்ம வாயில்லாப்பூச்சி, ஜெயிச்சுட்டாடா!

அவளுக்குக் கடல் தாண்டி ஒரு பேனா சிநேகிதி இருக்கால்ல, பள்ளிக்கூடத்துல ஏற்பாடு பண்ணிக் குடுத்தாங்களே, அந்தப் பொண்ணுதான். உங்க வீட்டுப் பழக்கவழக்கம் எல்லாம் எப்படின்னு அவ கேட்டிருக்கா. இவ இங்கிலீஷ்ல பதில் எழுதறேன்னு நம்ம பேச்சைச் சொல்லுக்குச் சொல் அப்படியே மாத்தி வெச்சுட்டா. அம்மா தினமும் என் உயிரை வாங்குறா, அப்பா சாயங்காலமானா என் தலையைத் தின்கிறார், அண்ணன் மட்டும் வெளியூர் போய்த் தப்பிச்சிட்டான்னு! அந்தப் பொண்ணு படிச்சுட்டு அலறியடிச்சுக்கிட்டு அவங்க டீச்சர்கிட்ட ஓட, அந்த டீச்சர் நம்ம தலைமையாசிரியைக்கு எழுத, நான் தையல் கடையில ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருக்கும்போது பள்ளிக்கூடத்துலேருந்து உடனே வாங்கன்னு ஃபோன். கழுத்துல டேப்போடயே ஓடினேன். உங்கப்பாவும் பஸ் டெப்போவிலேருந்து யூனிஃபார்மோட வந்துட்டார்.

தலைமையாசிரியையம்மா முகத்தைக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்து மானமே போச்சு, இனிமே இந்தக் கடிதப் போக்குவரத்தே வேண்டாம், நிறுத்திடறேன்னுட்டாங்க. உன் தங்கச்சி முகம் செத்துப்போச்சு. அவ மனசு விட்டுப் பேசறது அந்த ஒரு பொண்ணுகிட்டதான்னு உனக்கே தெரியும். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, வகுப்புல ஆஜர் சொல்லக்கூட முணுமுணுக்கற நம்ம பொண்ணு எழுந்து நின்னா. மேடம், நேத்து நீங்க எங்க வகுப்புக்கு வந்து ஏன் இப்படி என் உயிரை வாங்கறீங்கன்னு கேட்டீங்களே, நாங்க என்ன கொலையா பண்ணினோம்னு கேட்டாளே பாரு! உங்கப்பாவுக்கு இருமல் வந்துடுச்சு, எல்லாம் சிரிப்பை அடக்கத்தான். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, மறுபடி போட்டாங்க, அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்ச சிரிப்புல வெளியில நின்ன பியூன் எட்டிப் பார்த்தார். அர்த்தத்தைச் சரியா விளக்கி எழுதிடு, கடிதம் தாராளமாப் போகட்டும்னுட்டாங்க. எனக்கு அவளை அங்கயே தூக்கிச் சுத்தணும்போல இருந்துச்சு.

அவளும் எழுதினா, உயிரை வாங்கறதுன்னா கொல்றது இல்ல, சாப்பிடு, தூங்கு, ஈரத்தலையோட நிக்காதேன்னு விடாம நச்சரிக்கறதுன்னு. நேத்து பதில் வந்துச்சு. எங்க பாஷையில இதைக் காதைத் தேய்க்கறதுன்னு சொல்வோம், ஆனா என் காதைத் தேய்க்க ஆள் இல்ல, அம்மா இறந்து ரொம்ப வருஷமாச்சு, அப்பா அதிகம் பேச மாட்டார், உங்கம்மாகிட்ட சொல்லி என் உயிரையும் கொஞ்சம் வாங்கச் சொல்லேன்னு எழுதியிருக்கா. அழுதுட்டேன்டா. ஆனா விடுவேனா? மெஷினை நிறுத்திட்டு ஒரு பக்கம் முழுக்கத் திட்டித் தீர்த்துக் குடுத்தேன், ஒழுங்கா காலையில சாப்பிட்டுட்டுப் பள்ளிக்கூடம் போறியா இல்லையான்னு. உன் தங்கச்சி இங்கிலீஷ்ல மாத்தினா, இந்தத் தடவை பத்திரமா. இன்னைக்குத் தபால்ல போட்டாச்சு.

நீ எடுத்த காரியம் எல்லாம் ஜெயிச்சு நல்லா இருக்கணும். தங்கச்சிக்கு நாலு வரி பாராட்டி எழுது, மறந்துடாதே. வெறும் வயித்தோட வேலைக்குப் போகாதே. தப்பிச்சிட்டோம்னு மட்டும் நினைக்காதே.

இப்படிக்கு,
கடல் தாண்டியும் உயிரை வாங்குகிற
உன் அம்மா