வானத்துக்குப் பதின்மூன்று நிபந்தனைகள்

ஜூலை 29, செவ்வாய்

கச்சான், தென்மேற்குக் காற்று. வேன் கண்ணாடியில் உப்புத்தூசி, தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. அதிகாலை நாலரைக்குப் புறப்பாடு. ஏழுக்கு குருநாகல் ஆஸ்பத்திரி.

மச்சான் ஜவுபரின் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் தொடங்கிப் பதினான்கு மாதம். பேச்சுவார்த்தைக்கு வருவதாக இல்லை. செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் கழுவ வேண்டும்: போக இரண்டரை மணித்தியாலம், மெசினில் நாலு, வர இரண்டரை. செவ்வாய் துணைக்கு நான். அன்று என் நூலகம் பூட்டு. இதுவரை ஒரு வாசகரும் முறையிடவில்லை. அதுதான் கவலை.

வேனில் போன வருடம் ஆறு நோயாளிகள். இப்போது நாலு பேர். காலியான இரண்டு சீற்றிலும் யாரும் பை வைப்பதில்லை.

நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் அறை இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, டாக்டரும் வந்துவிட்டார். மெசின் மட்டும் இல்லை. அதற்காக ஒரு நிதிக்குழு. தலைவர், உப்பளம் வைத்திருக்கும் ஹாஜியார். பொருளாளர், முன்னேஸ்வரம் செல்வராணி டீச்சர் (ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, இன்னும் ஓயவில்லை). செயலாளர் நான், பேனா என்னிடம் இருந்ததால்.

ஹாஜியாரின் புது யோசனை: பாலாவி விமானப்படை முகாம் மைதானத்தில் விமானக் காட்சி. விமானங்கள் படையின் அன்பளிப்பு, டிக்கட் எங்களுடையது. திரும்பும் வழியில் ஜவுபரிடம் சொன்னேன். கண்ணை மூடிப் படுத்திருந்தவன் எழும்பி உட்கார்ந்தான்.

"தலைகீழாப் போற பிளேனும் வருமா?"

"வருமாம்."

"தலைகீழாப் போறவன்ட பொக்கட்டில இரிக்கிறதெல்லாம் எங்க போகும் மச்சான்?"

நூலகத்தில் இதற்குப் புத்தகம் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

புழுக்கம். முகாமில் கூட்டம். விங் கமாண்டர் (இனி வி.க.) தமிழ் வகுப்பில் படித்துத் தேறியவர். "வணக்கம். தங்கள் வருகை எமக்கு மகிழ்ச்சி" என்றார். ஹாஜியார் பதற்றத்தில் சிங்களத்தில் பதில் சொன்னார். கடைசி வரை அப்படியே: அவர் செந்தமிழ், இவர் சந்தைச் சிங்களம். இருவரும் மற்றவருக்கு உதவுவதாக நம்பிக்கை.

பதின்மூன்று நிபந்தனைகள் கொண்ட கடிதம் தந்தார். முக்கியமானவை:

நி. 2: பட்டம் கூடாது.
நி. 3: பலூன் கூடாது. (ஹாஜியார் ஏற்கெனவே ஐந்நூறு பலூனுக்குச் சொல்லிவிட்டார். முகம் வாடியது.)
நி. 7: உரைகள் மொத்தம் பத்து நிமிடம். (இன்னும் வாடியது.)
நி. 9: மூன்று நாட்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் மீன் காயப்போடக் கூடாது. மீனுக்குக் காகமும் பருந்தும் வரும், பறவை மோதினால் இயந்திரம் நிற்கும்.

"வாடிக்காரங்கட்ட யார் கேக்கிறது?" என்றார் ஹாஜியார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைதானத்துக்குக் கிட்ட ஐந்து கருவாட்டு வாடிகள், மீன் காயப்போடும் கொட்டகைகள். பெரியது ஜவுபருடையது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேன். நி. 9-ஐ வாசித்துக் காட்டினேன்.

"என்ட கருவாட்டுக்கும் அவங்கட ஆகாயத்துக்கும் என்ன கதை?"

"மூணு நாள்தான் மச்சான்."

"வெயில் பத்துற காலத்தில மூணு நாளா? ஒன்ட நூலகத்தை மூணு நாள் பூட்டச் சொன்னா பூட்டுவியா?"

பூட்டுவேன், யாருக்கும் தெரியாது என்றேன். சிரித்தான். சிரித்தால் இப்போது மூச்சு வாங்குகிறது.

ஆனமடு தாண்டியதும் அவனாகவே: "எனக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம் எண்டு ஊர்ல கதை. கேக்க வெக்கமா இரிக்கி."

"ஒனக்காக இல்லை. மெசினுக்காக."

"அப்ப சரி. மத்த நாலு வாடிக்காரங்கட்டயும் நான் செல்றன். மீனை உப்புத் தொட்டியில போட்டு வைப்பம். ஆனா எனக்கு முன் வரிசையில கதிரை. கை வச்ச கதிரை. பேர் எழுதி ஒட்டணும்."

ஒட்டுவேன்.

ஆகஸ்ட் 16, சனி

குழுக் கூட்டம், ஹாஜியார் வீட்டில். வட்டிலப்பம், அதன் பிறகு நிகழ்ச்சி நிரல். டிக்கட் நினைத்ததைவிட வேகமாகப் போகிறது. எத்தாளையிலிருந்து மட்டும் பதினொரு பஸ்.

ஹாஜியார்: "இவ்வளவு சனத்தைக் கூப்பிட்டுட்டு வெறும் வயித்தோட அனுப்பவா? வாடிக்காரங்களுக்கு நான் சோறு எண்டு வாக்குக் குடுத்திட்டன். அவங்க சாப்பிட மத்தவங்க பாத்துக்கிட்டு நிக்கவா?"

டீச்சர்: "ஹாஜியார், இது விமானக் காட்சி. கந்தூரி இல்லை."

"டீச்சர், சோறில்லாம எங்கட ஊர்ல எது நடந்திருக்கு?"

யோசித்துப் பார்த்தோம். எதுவும் நடந்ததில்லை. டீச்சர் சைவத்துக்குத் தனி அண்டா என்ற ஒரே நிபந்தனையோடு பணிந்தார். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுகள், எண்ணிக்கை ஹாஜியாருக்கே வெளிச்சம். கோழி நானூறு. சமையல் இடம்: ஓடுபாதையின் தெற்கு முனை, வேலிக்கு வெளியே. தண்ணீர்க் குழாய் அங்கேதான்.

கோழி உரிப்புக்கும் இடத்துக்கும் சமையல்காரருக்குக் கடிதம் நானே அடித்து, நானே கையெழுத்திட்டு, கோப்பில் நி. 9-க்கு மேலேயே வைத்தேன். கோப்பு மிக ஒழுங்கு.

ஆகஸ்ட் 20, புதன்

காற்று. இன்று முதல் வாடிகளில் மீன் இல்லை. சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஐந்து வாடியிலும் வெறும் கிடுகு. பதினான்கு மாதமாக நான் பார்த்த ஜவுபர் நோயாளி. இன்று தொட்டிக்கரையில் நின்று ஆட்களை ஏசிக்கொண்டிருந்த ஜவுபர் முதலாளி.

காகங்கள் குழப்பத்தில். சில நூலகக் கூரைக்கு வந்துவிட்டன. வருகைப் பதிவேட்டில் சேர்க்கலாமா என்று ஒரு கணம் யோசனை.

மனைவி (ஜவுபருக்குத் தங்கை): "நானா நேத்து ராவு நல்லாச் சாப்பிட்டார். எல்லாம் ஒங்கட பிளேனால."

என்னுடைய பிளேன். வைத்துக்கொள்வோம்.

செய்ய: கதிரைப் பெயர்ச் சீட்டு. ஒலிபெருக்கியை ஹாஜியாரிடமிருந்து தூரத்தில் வைப்பது. குடை.

ஆகஸ்ட் 23, சனி

நடந்தது வரிசைப்படி.

எட்டு மணி. பாலாவிச் சந்தி வரை வாகனம். பிள்ளைகள், பாய்கள், தண்ணீர்ப் போத்தல். முன் வரிசையில் கை வைத்த கதிரை, "ஜவுபர் முதலாளி" என்று என் கையெழுத்து. வெள்ளிக்கிழமை மெசினில் இருந்துவந்த களைப்பு முகத்தில். ஆனாலும் இஸ்திரி போட்ட சேர்ட், அத்தர்.

ஒன்பதரை. முதல் விமானத்தின் இயந்திரம் உறுமியது. உடனே நின்றது.

வி.க. தொலைநோக்கியை இறக்கிவிட்டு என்னிடம் வந்தார். "செயலாளர் அவர்களே, மீன் இல்லை. ஆயினும் பறவைகள் உண்டு. காரணம் யாது?"

திரும்பிப் பார்த்தேன். தெற்கு முனையில் பன்னிரண்டு அண்டா. பக்கத்தில் நானூறு கோழியின் குடலும் இறகும், மூடியில்லாத பீப்பாய்களில். மேலே புத்தளம் மாவட்டத்துக் காகம் முழுவதும். அதற்கு மேலே பருந்துகள், வட்டமாக, பயிற்சி பெற்றவை போல.

மூன்று நாள் பசித்த பறவைகளுக்கு நாங்கள் விருந்து வைத்திருக்கிறோம், என் கையெழுத்தோடு.

"பதினொன்றரைக்குள் வானம் தெளியாவிடின் நிகழ்ச்சி இரத்து. மன்னிக்கவும்" என்றார். உண்மையிலேயே வருந்தினார். இரத்தானால் டிக்கட் காசு திரும்பிப் போகும். மெசினும் கூடவே.

ஹாஜியார் மைக்கைக் கைப்பற்றினார். "பொதுமக்கள் தயவுசெய்து கைதட்டிக் காகங்களை விரட்டவும்." மக்கள் தட்டினார்கள், மிக உற்சாகமாக. காகங்கள் இன்னும் உயரம் போயின.

ஜவுபர் கதிரையின் கையைப் பிடித்து எழும்பினான்.

"காகத்துக்கு மைக் வெளங்காது ஹாஜியார். மீன்தான் வெளங்கும்."

போன் எடுத்தான். கால் மணித்தியாலத்தில் வாடியிலிருந்து அவனுடைய சின்னப் பட்டா லொறி வந்தது. உப்புத் தொட்டியில் கிடந்த மூன்று நாள் மீன் முழுவதும் பின்னால், மேலே மூடப் படங்கு போடாமல். வாசம் மேடைக்கு முதலில் வந்து சேர்ந்தது.

"நான் போறன், நீ இரு" என்றேன்.

"நீ போனா ஒரு காகமும் வராது. அதுகளுக்கு என்னைத்தான் தெரியும்."

"பிளேன் பாக்க வேணாமா?"

"நீ பாத்துட்டு எனக்குச் செல்லு. ஒண்டும் விடாமச் செல்லணும்."

டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். பின்னால் இருவர் சவலால் மீனை அள்ளி வீச, லொறி வேலியோரமாக மாப்பிள்ளை ஊர்வல வேகத்தில் நகர்ந்தது. முதலில் ஒரு காகம். பிறகு பத்து. பிறகு வானமே சரிந்து லொறிக்குப் பின்னால் கற்பிட்டி வீதியில் திரும்பியது. டீச்சர் அதற்குள் சேலையை இடுப்பில் செருகி, சமையல்காரர்களை வரிசையில் நிறுத்திப் பீப்பாய்களைக் குழிதோண்டி மூடிக்கொண்டிருந்தார். "ஆழமாத் தம்பிமார், இன்னும் ஆழமா!"

பதினொன்று இருபது. வி.க. வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தமிழ் மறந்துபோய், "ஹரி, ஹரி" என்றார், சிங்களத்தில் சரி, சரி.

பறந்தது எல்லாம் பறந்தது. ஹெலிகொப்டர், பரசூட், கடைசியில் தலைகீழ் விமானம். சனம் "ஓ" என்றது. நான் எவ்வளவு பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கதிரையில் சீட்டு மட்டும் காற்றுக்குப் படபடத்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துவிட்டேன் போல.

நாலு மணிக்கு லொறி வந்தது. மீன் இல்லை, லொறி முழுக்க எச்சம். சீற்றைச் சாய்த்துப் படுத்திருந்தான். எத்தாளை வரை போய், காட்சி முடிந்ததென்று போன் வரும்வரை அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாக வீசியிருக்கிறார்கள். அவனுக்கென்று எடுத்துவைத்த சோற்றில் இரண்டு பிடி சாப்பிட்டான்.

"தலைகீழா வந்திச்சா?"

"வந்திச்சு."

"பொக்கட்?"

ஓடிப்போய் விமானியைப் பிடித்துக் கேட்டுவந்தேன். பொக்கட்டுக்கெல்லாம் இழுத்து மூடும் சிப்பாம். ஒரே ஒரு தடவை டொபி மிட்டாய் ஒன்று விழுந்ததாம்.

"டொபி" என்றான். திருப்தியாகக் கண்ணை மூடினான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காற்று இல்லை. உடம்பு முழுக்க வலி.

செல்வராணி டீச்சர் போன், டிக்கட் காசு எண்ணி முடித்து. ஒரே சொல்: "போதும்." பிறகு அழுகிற சத்தம், பிறகு இருமல், பிறகு, "தம்பி, அடுத்த கூட்டத்தில கோழி எண்ட சொல்லை ஆரும் எடுக்கப்படாது."

ஹாஜியார் போன். அவருடைய பலூன் ஐந்நூறையும் என்ன செய்வது?

ஜவுபருக்கு மூன்று நாள் மீன் முழுதும் போச்சு. நன்கொடையாளர் பட்டியலில் பெயர் போடவா என்று கேட்டேன். "காகங்கட பேரைப் போடு" என்றான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வேன். ஆனமடு தாண்டுவதற்குள்: "செல்லு."

சொன்னேன். ஹெலிகொப்டர், பரசூட். பாதி தூரத்தில் நான் பார்த்தது தீர்ந்துவிட்டது. அவன் காத்துக்கொண்டிருந்தான். அதனால் இன்னொரு விமானம் எழும்பியது. நீல நிறம். இருபது வருடமாக அடுத்தவர் எழுதிய பொய்களை அடுக்கி வைத்தவன், முதல் தடவையாகச் சொந்தச் சரக்கு. நன்றாகவே பறந்தது.

பின் சீற்றுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பொறகு?" என்றது ஒரு குரல்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. வீதியில் முழங்கால் தண்ணீர்.

இடையில் பதினொரு செவ்வாய்கள், பதினொரு காட்சிகள். கடைசிக் கணக்கில் பதினேழு விமானம். தலைகீழ் விமானியின் பொக்கட்டிலிருந்து இதுவரை விழுந்தவை: டொபி, சீப்பு, தஸ்பீஹ் மணி, மனைவியின் கடிதம், அரை றாத்தல் பாண். ஜவுபருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். பாண் விழுந்த அன்று, "சம்பல் விழேல்லையா?" என்று கேட்டான்.

மெசின் போன கிழமை வந்தது. இன்று நம்ம ஆஸ்பத்திரியில் முதல் நாள், முதல் ஆள் அவன். வேன் இல்லை, த்ரீவீல். ஆறு மணிக்கு எழும்பி, ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து, ஏழேமுக்காலுக்குப் புறப்பாடு. சந்தோசத்தில் மனைவி வாசலில் நின்று அழுதாள். நான் குடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"செல்லு" என்றான் ஏறியதும்.

ஹாஜியார் உரையைத் தொடங்கினார். முதல் விமானத்தின் சக்கரம் நகர்ந்தது. ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

"என்ன மச்சான் இது? ஒண்டு கூட எழும்பேல்லையே!"

"பத்து நிமிசம்தானே. இதுக்குத்தானே இவ்வளவு பாடும்."

"அது சரி" என்றான். முகத்தில் ஏமாற்றம். உள்ளே துணைக்கு அனுமதி இல்லை. நாலு மணித்தியாலம் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தான். களைப்பு, ஆனால் நின்றுகொண்டு வந்தான். த்ரீவீலில் ஏற்றி, நானும் ஏறி, வீட்டுக்குப் பாலாவிச் சந்தி சுற்றிப் போகச் சொன்னேன்.

"அது மத்தப் பக்கமே சேர்" என்றார் டிரைவர்.

ஓம், என்றேன்.