நீ போட்டுவைத்த கிளீனர்

இன்று வெள்ளிக்கிழமை. கடையைக் கூட்டி, மானிட்டரைத் துடைத்து, சிபியு மேல் சந்தனப் பொட்டு வைத்தேன். அந்த ஈரச் சந்தன வாசனையில் நீ பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சிஸ்டத்தைப் போட்டதும் திரை மூலையில் நீ போட்டுவைத்த கிளீனர் சாஃப்ட்வேர் சிவப்பாக எட்டிப் பார்த்தது. குப்பை குவிந்துவிட்டதாம், உடனே புதுப்பிக்க வேண்டுமாம். நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது என்று அதற்கு எங்கே தெரியும்!

தோழிகள் நாம் இருவரும் ஆவுடையார்கோவிலில் இந்த டைப்பிங், ஆன்லைன் கடையைத் திறந்த காலத்தில் கிளீனர் தேவையாகத்தான் இருந்தது. இத்தனூண்டு மெமரி, வருகிறவர் பென்டிரைவில் எல்லாம் வைரஸ். வெள்ளிதோறும் பூஜைக்கு முன்னால் அதை ஓட்டுவாய். "மெஷினும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கணும்டி" என்பாய். பச்சைக் கோடு கடைசிவரை ஓடி முடிந்த பிறகுதான் சூடம் கொளுத்துவாய். சூடத்துக்கும் கிளீனருக்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனை தடவை உன்னை வம்புக்கு இழுத்திருப்பேன்.

அந்தப் பழக்கம்தான் ஒருநாள் நம்மைக் கவிழ்த்தது. கோட்டைப்பட்டினத்துப் பெண் ஒருத்தியின் கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து டவுன்லோட்ஸில் போட்டிருந்தோம். அன்றுதான் கடைசி நாள். நீ கிளீனரில் புதிதாக ஒரு கட்டத்தில் டிக் போட்டாய். டவுன்லோட்ஸ் முழுவதும் துடைத்துப் போட்ட மாதிரி காலி. "ஒரு புள்ளையோட படிப்பையே அழிச்சிட்டேனேடி" என்று அழுதாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே ஸ்கூட்டியில் கிளம்பியும் விட்டாய்.

சாயங்காலம் திரும்பியபோது ஒரு கையில் அசல் சான்றிதழ்கள், இன்னொரு கையில் அவள் அம்மா கொடுத்த கருவாட்டுப் பொட்டலம்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, சாமி படத்துக்கு முன்னால கருவாடா?"

"அது அங்கிட்டு கெடக்கட்டும். நீ மொதல்ல ஸ்கேனப் போடு!"

விண்ணப்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கருவாடு சனிக்கிழமை உன் வீட்டில் குழம்பானது.

அதற்குப் பிறகும் நீ கிளீனரை விடவில்லை. ஆனால் ஓட்டுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் போன் போடுவாய். "கடையிலேருந்து பேசுறேங்க. ஒங்க பைலு இங்கிட்டு கெடக்கு. அழிச்சிரலாமாங்க?" பாதிப் பேருக்கு எந்த பைல் என்றே தெரியாது. நீ பொறுமையாக விளக்குவாய்.

கொஞ்ச நாளாக மெஷின் இழு இழு என்று இழுக்கிறது. இன்று அறந்தாங்கியிலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தேன். பழைய டிஸ்கில் இருந்ததை அப்படியே புது டிஸ்குக்கு மாற்றிவிட்டு, "இந்தக் கிளீனரெல்லாம் இப்பத் தேவையே இல்லக்கா. குப்பைய விண்டோஸே பாத்துக்கிடும். இது சும்மா பின்னாடி ஓடி மெஷின இழுத்துக்கிட்டு இருக்கு. எடுத்துரவா?" என்றார். நானே உன்னோடு எத்தனையோ தடவை இதே வாதத்தைப் பேசியிருக்கிறேன். ஆனாலும் உன்னையே கடையை விட்டு அனுப்புகிற மாதிரி இருந்தது. "நானே எடுத்துக்கிடுறேங்க" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

எடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை அதைத் திறந்து பார்த்தேன். தொடக்கூடாத ஃபோல்டர்கள் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. கருவாட்டு நாளுக்குப் பிறகு நீ போட்டது போலிருக்கிறது. அதில் முதலாவதாக 'பழைய பேனர்' என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் பேனரே கிடையாது. கடையை விட்டுப் போய்விடலாம் என்று, உனக்குத் தெரியாமல் அரசு வேலைப் பரீட்சைக்கு நான் தயாரித்த குறிப்புகள் அவை. நீ வருத்தப்படுவாய் என்று பயந்து அந்தப் பெயரில் ஒளித்திருந்தேன். நீயோ திறந்து பார்த்திருக்கிறாய். நான் பாஸானால் நீ தனியாகிவிடுவாய் என்று தெரிந்தும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் பாஸாகவில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. அதனால்தானே கடைசிவரை உன்னோடு இருந்தேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளீனரை எடுத்துவிட்டேன். மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது.

அழிப்பதற்கு முன் போன் போட்டுக் கேட்கிற உன் பழக்கம் மட்டும் என்னிடம் அப்படியே இருக்கிறது. இன்று காலையில்கூட மூன்று பேரிடம் கேட்டேன். யாரையும் கேட்காமல் நான் அழித்தது உன் கிளீனரை மட்டும்தான்.