வலப்பக்க வெல்டிங்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

இன்று எழுந்ததும் காபிகூடக் குடிக்காமல் ஷெட்டுக்குப் போய், நான் வெல்டிங் செய்த இருக்கைச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். உனக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? மாத்திரையை விட்டுவிடாதே.

தோழிகள் மூவர் சேர்ந்து ஒரு குட்டிப் பந்தய வண்டி கட்டுகிறோம் என்றேனே, அதன் இருக்கைதான். "தையல் போட்ட மாதிரி இருக்குக்கா, கண்ணு பட்டுடப் போகுது" என்று எங்கள் மூவரில் கிரேன் ஓட்டுகிறவள் நேற்றுதான் மெச்சினாள். இடப்பக்கம் இரண்டாவது அடியிலேயே பிரிந்துவிட்டது. கரண்டைக் குறைத்து வைத்திருந்திருக்கிறேன். மேலே மட்டும் ஒட்டி, உள்ளே இரும்பு உருகவே இல்லை. எனக்கு அடி எதுவும் படவில்லை, கவலைப்படாதே.

வலப்பக்கத்தையும் அன்றைக்கு அதே கரண்டில்தான் வெல்டிங் வைத்தேன். அதற்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. சுத்தியலால் எத்தனை முறை அடித்தும் அது உடையவில்லை. அதுதான் மனதை அரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிரேன்காரி தன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டப்போகிறாள்.

உன் பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. தீப்பொறி படாமல் கழுத்தில் சுற்றிக்கொள்ள வேண்டும். புதிது வேண்டாம், நீ கட்டியதாகவே அனுப்பு.

வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறது. மாலையில் திரும்பியதும், தோழிகள் வருவதற்குள் வலப்பக்கத்தையும் அறுத்துவிடப் போகிறேன், மறுபடி சரியாக வைக்க. கரண்ட் குறைந்தது அவர்களுக்குத் தெரியாது. திட்டினால் திட்டட்டும்.

உன் மூத்தவள்