சிவப்பு விளக்கு எரியும்போது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் இங்கே எப்போதும் போல. நீயும் அத்தானும் சுகம்தானே?

நீ அனுப்பிய வீடியோ கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. "இருப்பதிலேயே சாதாரண மாடல்தான், உனக்கு இது போதும்" என்று எழுதியிருந்தாய். போதும் தாயே, இதுவே எனக்கு அதிகம். உள்ளங்கையில் அடங்குகிற சாமானுக்கு இத்தனை பொத்தானா? கூட வந்த புத்தகம் ஊரிலுள்ள பாஷையெல்லாம் பேசுகிறது, தமிழைத் தவிர.

ஆனாலும் உன் தங்கை லேசுப்பட்டவளா? நானே கண்டுபிடித்துவிட்டேன். பெரிய பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிகிறது, மறுபடி அமுக்கினால் அணைகிறது. சிவப்பு என்றால் நில் என்று ரோட்டைக் கடக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் அம்மாவைத் தயார் செய்கிற வரைக்கும் கேமராவைச் சிவப்பில் நிறுத்தித் தையல் மெஷின் மேல் வைத்துவிடுவேன். துணி மாற்றி, தலை வாரி, நீ அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டு, அவள் முகம் மலர்ந்ததும் விளக்கை அணைத்துப் படம் எடுப்பேன். இடுப்பெலும்பு உடைந்து கட்டிலோடு கிடக்கிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அத்தனை லட்சணமாக உன்னிடம் பேசியிருக்கிறாள்.

எடுத்ததைப் போட்டுப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சீருடைத் தையல் வேறு கழுத்தை நெரிக்கிறது. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனின் அண்ணன் அங்கே வருகிறார், அவரிடம் கார்டைக் கொடுத்தனுப்புகிறேன். பெரிய டிவியில் போட்டு எல்லோரும் பாருங்கள். பார்த்ததும் எழுது. நீ எழுதுவது பாதி பக்கம், அதிலும் பாதி வானிலை!

உன்,
வாயாடி


மார்ச் 19

தங்கைக்கு,

கார்டு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தானின் ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார்கள். அம்மாவை அவர்களும் பார்க்கட்டும் என்று டிவியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டேன்.

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். நல்ல இடம். அடுத்த மாதக் கடைசியில் அவர்களே வண்டியோடு வருவார்கள். துணிமணி, மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்து வை.

இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று யாரையாவது கேள்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

கேட்டேன். கடைத்தெரு போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் கேமராவைக் கொண்டுபோனேன். "சிவப்பு எரிஞ்சா படம் ஓடுதுன்னு அர்த்தம்மா" என்றார். உனக்கு அனுப்பிய பிறகு வேறு கார்டில் எடுத்ததை அதிலேயே போட்டும் காட்டினார்.

கட்டில் தெரிந்தது. அப்புறம் என் குரல். "இப்பத்தானே மாத்தினேன், மறுபடியும் நாசம் பண்ணி வச்சிருக்கியே! நீ செத்தாத்தான் எனக்கு விடிவுகாலம்!" தெருவில் யாரோ சண்டை போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதே வாய் தேன் ஒழுக, "அம்மா, அக்கா பாக்கறா, கொஞ்சம் சிரியேன்" என்றது. உடனே படம் நின்றுவிட்டது. நான் நல்லவளாக இருந்த நேரம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை, அக்கா.

ஸ்டூடியோக்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "டீ சொல்லிட்டு வரேம்மா" என்று எழுந்து போனார். நான் கிளம்புகிற வரை திரும்பவே இல்லை. அவர் மகளுக்கு நான்தான் சீருடை தைக்கிறேன். இனி எந்த முகத்தோடு அளவெடுப்பேன்?

உன் வீட்டில் அத்தனை பேர் முன்னால் இதுதானே ஓடியது? நினைத்தாலே உடம்பு கூசுகிறது. வாய்தவறி வந்த வார்த்தை என்று சொல்ல மாட்டேன். தினமும் வருகிற வார்த்தைதான்.

இல்லத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "திட்டாம எனக்குத் துணி மாத்தறவ யாருன்னு நானும் பாக்கறேன்" என்றாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு. நான் துணிகளை மடித்து வைத்துவிட்டேன்.

தங்கை


ஏப்ரல் 6

என் வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த பிறகு கார்டை மறுபடி போட்டேன். அன்று உன் முதல் கத்தலிலேயே நிறுத்தியிருந்தேன். இந்த முறை சத்தத்தை அடைத்துவிட்டு முழுக்கப் பார்த்தேன். வாய் ஓயாமல் அசைகிறது. ஆனால் கை ஒரு இடத்தில்கூட அம்மாவுக்கு வலிக்க விடவில்லை. தலையணையை அணைகொடுத்துப் புரட்டுகிறாய், துடைக்கிறாய், பவுடர் போடுகிறாய், காலை மடியில் வைத்து நகம் வெட்டுகிறாய்.

பிறகு சத்தத்தைக் கூட்டினேன். "பெரியவ எப்ப வருவா?" என்று அம்மா கேட்கிறாள். "வருவா, வருவா! அவளுக்கு லீவு கிடைக்க வேணாமா? அவ என்ன வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்றா?" என்று கத்துகிறாய். கத்தினாலும் எனக்காகத்தான் பேசுகிறாய்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அன்று விருந்துக்கு வந்தவர்களில் ஒருவர், "யாருங்க இப்படிக் கத்தறது?" என்று கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "வேலைக்கு வச்சிருக்கிற பொம்பளை" என்று சொல்லிவிட்டேன். "முதல்ல அவளை நிறுத்துங்க" என்றார்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் இல்லம். அத்தான் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இல்லத்துக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் தூங்கு. என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை, வராதே என்று எழுதினாலும் சரி. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 15

மதிப்பிற்குரிய முதலாளியம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அழுதேன். பிறகு வழக்கம்போல அம்மாவைத் திட்டினேன். அப்புறம் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், விருந்தாளி கேட்டதையும் நீங்கள் சொன்ன பதிலையும் மட்டும் விட்டுவிட்டு. பெரியவளைப் பற்றி அம்மா உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும்.

வாருங்கள். வேலைக்காரிக்கும் லீவு வேண்டும்.

கேமராவுக்குச் சார்ஜ் போட்டு, கட்டிலைப் பார்த்தபடி தையல் மெஷின் மேல் வைத்திருக்கிறேன். நீங்கள் அம்மாவுக்குத் துணி மாற்றும்போது சிவப்பு விளக்கு எரியும்.

இப்படிக்கு,
வேலைக்கு வைத்திருக்கிற பொம்பளை