வெற்றுத்தாள்கள் நிறைந்த பெட்டி

மார்கழி 7, திங்கள். பனி. எதிரே வருவது தெரியவில்லை.

திண்டிவனம் ஷூ கம்பெனியில் என் வேலை ஆரம்பம். காணைப் பக்கத்து ஊரில் வீடுகள் எரிந்த கலவரத்துக்குப் பின், ஊர்த்தெரு, காலனி இரண்டிலும் பெண்களுக்கு வேலை கொடுத்தார்கள். சமாதானம் வந்ததா என்று, வெளிநாட்டில் ஷூ வாங்குபவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு அறிக்கை எழுத கம்பெனி அமர்த்தியது என்னை: ஓய்வுபெற்ற தொழிலாளர் ஆய்வாளன். எழுத வேண்டியவை என்று மேனேஜர் தந்தவை:

1. இரு தெருவுக்கும் ஒரே பேருந்து.
2. ஒரே சாப்பாட்டுக் கூடம்.
3. புகார்ப் பெட்டியில் புகார் இல்லை. ஆகவே அச்சம் இல்லை.

மூன்றாவது சரிதானா? சரியாகத்தான் இருக்கும்.

மூட்டுவலித் தைலம் வாங்க வேண்டும்.

8, செவ்வாய். கம்பெனிப் பேருந்தில் போனேன். காலனி தாண்டி மதகருகே நின்றது. கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. பனி மட்டும் உள்ளே வந்தது. இரு தெருப் பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நிமிடம். கதவு மூடியது.

ஓட்டுநர்: "மல்லிகா ஏறுற எடம் சார். நிறுத்தலன்னா இவங்க ஒரே பேஜாரு."

"மல்லிகா எங்கே?"

"வண்டி ஓட்டிக்கினு இருக்கேன் சார். பேச்சு குடுக்காதீங்க."

ஜன்னலோரம் ஓர் இருக்கை காலி. பலர் நின்றுகொண்டே வந்தார்கள்.

11, வெள்ளி. வாரம் ஆளுக்கொரு சீட்டு போடுவது விதி. சூப்பர்வைசர் தன் சாவியால் பெட்டியைத் திறந்தார். சீட்டுகள் வழிந்தன. எல்லாம் நான்காக மடித்தவை. எல்லாம் வெற்று.

"பாத்தீங்களா சார், ஒரு கொறை இல்ல."

ஏனோ கை கழுவினேன்.

12, சனி. குழாயடியில் செல்வி, காலனிப் பெண். கழுவும் தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்.

"மல்லிகா ஒருத்திதான் எழுதினா சார். எங்க வூட்டக் கொளுத்தினவன்தான் இங்க சூப்பர்வைசர்னு. மறுநாளே அவ வூட்டாண்ட நாலு வண்டி நின்னுது. குடும்பமே ஊர உட்டுப் போயிடுச்சி."

பக்கத்தில் ஊர்த்தெருப் பெண்: "மெதுவா பேசுடி, கேமரா இருக்குது. அவன் எங்க தெரு ஆளுதான் சார். எழுதினா எங்களையும் உட மாட்டான். அதனாலதான் நாங்களும் வெள்ளத்தாளே போடறோம்."

செல்வி: "நீங்களும் கொறை இல்லன்னு எழுதிட்டு ஜல்தியா கெளம்புங்க. உங்களுக்கு என்ன, பஸ்ஸு இருக்குது."

13, ஞாயிறு. மேனேஜர் போன். "மூணாவது பாயிண்ட் அப்படியே இருக்கட்டும் சார்." என் தெருப் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார். நான் சொன்னதில்லையே.

மூன்றையும் அப்படியே எழுதி அறிக்கையில் கையெழுத்திட்டேன். உறையில் வைக்கும்போது பார்த்தேன்: நான்காக மடித்திருக்கிறேன்.

பிரித்துவிட்டேன். புதிதாக எழுதுகிறேன். செல்வி பெயர் வேண்டாம். பெட்டிச் சாவி யாரிடம் என்பது போதும். வாங்குபவர்களுக்கே நேராக அனுப்ப வேண்டும். எழுத்து கோணல். பரவாயில்லை.

மூன்றாவது தவறு.