சீற்றில் இருந்த நெல்மூட்டை

ஈச்சிலம்பற்று
மாசி 18

அன்பு மகன் சுகிர்தனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பா இன்று காலை வரைக்கும் பத்து விரலோடும் சுகம், நீயும் அங்கே முழுசாய் இருக்க வெருகல் முருகன் துணை. விரலை ஏன் எண்ணுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொல்ல ஏலாது, அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதுதான் நாளைக்கு நீ இருக்கிற கட்டாருக்குத் திரும்புகிற நிப்றாஸ் தம்பியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நீ பார்த்து எடுத்துத் தந்த நெல் வெட்டு மெசின் கெட்டிக்காரிதான். சேற்றில் புதையமாட்டாள், சாய்ந்து கிடக்கிற வெள்ளாமையையும் வாரி எடுக்கிறாள், பெட்டியில் நெல் நிறைந்தால் தானே கூவுகிறாள். ஒரு குணம்தான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, ஓட்டுகிற சீற்றை விட்டு ஆள் எழும்பினால் உடனே நின்றுவிடுகிறாள். மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது, கத்தியில் வைக்கோல் அடைக்கிற நேரமெல்லாம் நிப்பாட்டி இறங்க அவருக்கு எங்கே பொறுமை? போன செவ்வாய் பார்த்தால் சீற்றில் ஒரு நெல்மூட்டையை ஏற்றி இருத்தியிருக்கிறார், ஆள் இருக்கு என்று மெசின் நம்பிவிட்டதாம். "இந்த மூட்டை என்னைவிட அடக்கமாய் இருக்கிறாள், ஒரு சீலையும் எடுத்துக் குடுங்கோ" என்று நானும் பகிடி விட்டேன். அந்தப் பகிடிதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது.

வியாழன் தேத்தண்ணி கொண்டு போகிறேன், மெசின் நடுவயலில் நின்றபடி இரைகிறது, அப்பா முன்னால் குனிந்து அடைத்த வைக்கோலை இழுக்கிறார், கத்தி அவருடைய இடுப்புச் சாரத்தைச் சுற்றி இழுக்கிறது. "நிப்பாட்டு, நிப்பாட்டு சுலோ" என்று கத்துகிறார். நான் எந்தப் பொத்தானைக் கண்டேன், அதில் எல்லாம் இங்கிலீசு, எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். ஏறி அந்த மூட்டையைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளினேன். மெசின் சத்தம் நின்றது. அப்பாவின் சத்தமும் நின்றது. இறங்கி முன்னால் போகும் வரைக்கும் எனக்கு உயிர் இல்லை ராசா. சாரம் போய்விட்டது, மனிசன் மிச்சம், வெட்கத்தில் சேற்றுக்குள் குந்திக்கொண்டு இருந்தார்.

அதற்குப் பிறகும் நேற்று சீற்றில் வைக்க வேறு மூட்டை தேடுகிறார். மழை வந்தால் நீயா பொறுப்பு என்று என்னிடம் பாய்கிறார். ஊர் வயல் இன்னும் பாதி மிச்சம். என் சொல் ஏறாது, நீ சொன்னால் கேட்பார். நான் எழுதினது என்று காட்டிக்கொள்ளாதே, வெட்டு எப்படி என்று கதையைத் தொடங்கிச் சீற்றைப் பற்றிக் கேள்.

இப்போதும் பின்வயலில் சத்தம் கேட்கிறது. முந்தி அது நின்றால் பழுதோ என்று பயம், இப்போது நிற்காவிட்டால்தான் பயம். அரை மணியாய் நிற்கவில்லை. இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்தேன். சீற்றில் அவர்தான் இருக்கிறார்.

அந்த மூட்டையில் கொஞ்ச நெல்லைக் காயவைத்துக் குத்தி, மாவாக்கி இதோடு அனுப்புகிறேன். சீற்றில் இருந்த அப்பாவின் சின்ன மனிசி அவள், மரியாதையாய்ப் புட்டு அவித்துச் சாப்பிடு. நீடூழி வாழ்க. மா கெட்டுப்போனாலும் பரவாயில்லை, அப்பாவுக்குப் போன் எடுக்க மறவாதே.

இப்படிக்கு,
சத்தம் நிற்கும் வரைக்கும் காது கொடுத்திருக்கும்
உன் அம்மா சுலோஜனா