டச் அண்ட் கோ

அக்கா,

இன்று பேத்தியைக் கிளினிக்கிற்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்ததும் அந்த ஆஸ்பத்திரியின் அதே டெட்டால் வாசனை. கால் அப்படியே நின்றுவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் மலாக்காவில் ஒரே எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்த்தோம். தங்கா பத்து சாலையில் என் வீட்டுக்காரரை லாரி மோதிவிட்டது என்று தகவல் வந்ததும், வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என்னோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர் நீங்கள்.

என் மாமியாருக்குப் போன் செய்ய நீங்கள் போயிருந்தபோது டாக்டர் வந்தார். ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார். எஸ்டேட் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்குப் பிடிபட்டது ‘டச் அண்ட் கோ’ மட்டும்தான். உயிர் போய்விட்டது, கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே போய் வீட்டுக்காரரின் பாதத்தைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. செத்தவர் கால் எப்படிச் சுடும் என்று யோசிக்கக்கூட முடியவில்லை. வாசலை நோக்கி நடந்தேன்.

“எங்கடி போற?” என்று வழிமறித்தீர்கள்.

“முடிஞ்சிருச்சுக்கா. தொட்டுட்டுப் போகச் சொல்லிட்டாரு.”

உங்கள் முகமும் வெளிறியது. அந்த வார்த்தை உங்களுக்கும் தெரியாது.

“இரு. கேக்காம போகக் கூடாதுலா,” என்று என்னை இழுத்துக்கொண்டு மலாய்க்கார நர்ஸிடம் போனீர்கள். அவர் மலாயில் சொன்னார்: உயிர் இருக்கிறது, ஆனால் பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது. டாக்டர் சொன்ன வார்த்தைக்கு அதுதான் அர்த்தமாம்.

மறுநாள் ‘கம் ரவுண்ட்’ என்றார்கள். சுற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று நாம் வார்டின் பின்பக்கம்வரை நடந்தோம். அவருக்கு நினைவு திரும்பிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்!

அவர் வீடு திரும்பிய பிறகு ஃபேக்டரி பஸ்ஸில் வரும் படித்த பெண்களைக் கேட்டுக் கேட்டு இந்த மாதிரி வார்த்தைகளைக் கற்றோம். பாஸ் அவுட் என்றால் மயக்கம், பாஸ் அவே என்றால் மரணம்.

“மாத்திக் கேட்டுட்டா நம்ம உயிரே போயிரும்லா,” என்றீர்கள். சிரிக்கவில்லை.

பல வருடம் கழித்து, நோயில் படுத்திருந்த உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று டாக்டர் என்னிடம் பேசினார். நீங்கள் ‘புல் த்ரூ’ பண்ண மாட்டீர்கள் என்றார். இந்த முறை அர்த்தம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“என்னவாம்? மறைக்காம சொல்லு.”

“பிழைக்க மாட்டீங்களாம் அக்கா.”

என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு, “எனக்குப் பயமா இருக்குடி. நீ போயிராத,” என்றீர்கள்.

நீங்கள் கண்மூடும்வரை நான் போகவில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது என்று மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. அந்தப் பயம் இன்னும் என்னிடமே இருக்கிறது, அக்கா.